லூரா பீலுட்: காடு வெட்டி ஊர் கண்டவர்கள்

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்பது நம் பெரியவர்கள் வாக்கு. தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு இதன் பொருளை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. லயத்து வீட்டில் பிறந்தோம். லயத்து வீட்டில் கல்யாணம் முடித்தோம். பிள்ளைகளையும் அங்கேயே வளர்த்தோம். ஆனால் அந்த வீடு ஒரு நாளும் நம் வீடு என்று ஆனதில்லை. வேலை இருக்கும் வரை வீடு. வேலை நின்றால் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட வேண்டியதுதான். 60 வயதில் வேலை ஓய்வு பெறுகிறவர் அதற்குப் பிறகு எங்கே போவது? இந்தக் கேள்வியை இந்தப் பகுதியில் நாம் பலமுறை எழுப்பியிருக்கிறோம். இன்றைக்கு அதே கேள்வியை வேறு ஒரு வழியாகப் பார்ப்போம்.

பகாங் மாநிலத்தில், பெந்தோங் மாவட்டத்தில், லூரா பீலுட் என்று ஒரு சிறிய ஊர் இருக்கிறது. அங்கே மாட மாளிகை இல்லை, பெரிய தொழிற்சாலை இல்லை. இருப்பதெல்லாம் மரமும் மண்ணும் வீடுகளும்தான். ஆனால் அந்த ஊரின் கதையைத் தோட்டத் தொழிலாளி ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் அங்கே குடியேறியவர்களும் நம்மைப் போலவே கையில் காசில்லாமல், காலடியில் சொந்த மண் இல்லாமல் இருந்தவர்கள். அவர்களும் நாம் சீவிய அதே ரப்பர் மரத்தைத்தான் சீவினார்கள். உளியும் ஒன்று, மங்கும் ஒன்று, விடியற்காலைப் பனியும் ஒன்று. ஆனால் அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு அவர்கள் குடும்பம் இருக்கும் இடம் வேறு, நம் குடும்பம் இருக்கும் இடம் வேறு. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதுதான் நாம் பார்க்க வேண்டிய விஷயம்.

ஊர் பிறந்த கதை

1950ஆம் ஆண்டுகளின் மலாயாவை நினைத்துப் பாருங்கள். 1948இல் அறிவிக்கப்பட்ட அவசரகாலம் அப்போது நடந்துகொண்டிருந்தது. பெந்தோங் வட்டாரக் காடுகளில் துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்தபாடில்லை. கிராமப்புறத்திலோ நிலமில்லாத குடும்பங்கள் பெருகிக்கொண்டே வந்தன. அப்பனிடம் இரண்டு ஏக்கர் இருந்தால், அது ஐந்து பிள்ளைகளுக்குப் பங்கு போய், கடைசியில் ஒருவனுக்கும் பிழைக்கப் போதாது. இதற்கு என்ன வழி என்று பார்க்க 1955இல் ஒரு குழு அமைத்தார்கள். அந்தக் குழுவின் யோசனைப்படி, 1956 ஜூலை 1ஆம் தேதி கூட்டரசு நில மேம்பாட்டு வாரியம் அமைந்தது. அதைத்தான் இன்று எல்லாரும் பெல்டா என்கிறோம்.

அந்த வாரியத்தின் தொடக்கக் குடியேற்றங்களில் ஒன்று லூரா பீலுட். சுதந்திரம் கிடைத்த மறு ஆண்டு, 1958இல், முதல் குடியேறிகள் அங்கே வந்து இறங்கினார்கள். இதற்குப் பின்னால் நின்று முடுக்கிவிட்டவர் அப்போதைய துணைப் பிரதமர் துன் அப்துல் ரசாக். வந்தவர்களில் பெரும்பாலோர் மலாய்க்காரர்கள், சீனர்களும் இருந்தார்கள், நம்மவர்களும் சிலர் இருந்தார்கள். லூரா பீலுட்டில் தமிழ்ப்பள்ளி ஒன்று இருப்பதே அதற்குச் சாட்சி.

தொடக்க காலத்தில் காடு அழிப்பதிலிருந்து கன்று நடுவது வரை குடியேறிகளின் உழைப்பே பெரிய மூலதனம். குத்தகைக்காரரை வைத்துக் காட்டை அழித்து, நட்டு, வீடும் கட்டி முடித்த பிறகு ஆட்களைக் கொண்டுவரும் வழக்கம் பிற்பாடு வந்தது. முதலில் போனவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. கோடாரியும் பாராங்கும்தான் துணை. அட்டைக் கடியும் மலேரியாக் காய்ச்சலும் எப்படி இருக்கும் என்று நமக்குச் சொல்லவா வேண்டும்? நம் தாத்தா பாட்டி காலத்தில் தோட்டம் போட்ட கதையும் இதே கதைதானே! ஒரே ஒரு வித்தியாசம். நம் தாத்தா வெட்டிய காடு கம்பெனிக்குத் தோட்டமானது. அவர்கள் வெட்டிய காடு அவர்களுக்கே ஊரானது.

பத்து ஏக்கர் கணக்கு

அந்தக் குடியேற்றங்களில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது சுமார் 10 ஏக்கர் நிலம். பெரும்பகுதி ரப்பர், மிச்சம் பழத்தோட்டம். வீட்டு மனை தனியாகக் கால் ஏக்கர்.

இந்த அளவைக் கொஞ்சம் நம் கணக்கில் போட்டுப் பாருங்கள். ஏக்கருக்குச் சுமார் 150 மரம் என்று வைத்தால், எட்டு ஏக்கரில் 1,200 மரம். தோட்டத்தில் ஓர் ஆள் ஒரு நாளைக்கு 500 மரத்துக்கு மேல் சீவுவது நாம் அறிந்ததே. ஒரு நாள் விட்டு ஒரு நாள் சீவினால், புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து அந்த 1,200 மரத்தையும் தாராளமாகச் சமாளிக்கலாம். கூலிக்கு ஆள் வைக்க வேண்டாம். ஒரு குடும்பத்தின் கைக்கு அடங்கிய நிலம் அது. நம் குடும்பங்கள் ஒவ்வொரு நாளும் அதே அளவு மரத்தை, அதே அளவு நேரத்தில் சீவி வந்தன. சொல்லப்போனால், அந்த வேலையில் நம்மவர்களுக்கு இருந்த கைப்பழக்கம் புதிதாக வந்த குடியேறிகள் பலருக்கு இருந்திருக்காது. ஆகவே திறமையில்லாமல் நாம் பின்தங்கினோம் என்று யாராவது சொன்னால் அது வெறும் பேச்சு.

ஆனால் ரப்பர் கன்று நட்ட உடனே பால் தருமா? ஆறு, ஏழு வருஷம் காத்திருக்க வேண்டும். அதுவரை அடுப்பு எப்படி எரியும்? குடியேற்றத் திட்டத்தின் சூட்சுமமே இங்கேதான் இருக்கிறது. மரம் பலன் தரும் வரை குடியேறிக்கு மாதாமாதம் பிழைப்புக்கு முன்பணம் கொடுத்தார்கள். கன்று, உரம், வீடு எல்லாம் கடன் கணக்கில் எழுதப்பட்டன. மரம் பால் தரத் தொடங்கிய பிறகு, விற்ற பாலிலிருந்து மாதாமாதம் பிடித்துக்கொண்டார்கள். 15 ஆண்டுகளில் கடன் தீர வேண்டும் என்பது பொதுவான ஏற்பாடு. கடன் தீர்ந்தால் நிலம் அவர் பெயருக்கு வரும்.

கடன் என்றதும் நமக்குப் பயம் வருகிறது. வராமல் இருக்குமா? கங்காணி காலத்திலிருந்து கடனால் கெட்ட குடும்பங்களைப் பார்த்தவர்கள் நாம். ஆனால் கடனிலும் இரண்டு வகை உண்டு. கடைக்கடன் வயிற்றோடு போகும். அடுத்த மாதம் திரும்பவும் அதே கடன். நிலக்கடன் தீர்ந்தால் நிலம் மிஞ்சும். லூரா பீலுட்காரரும் பல வருஷம் கடன்காரராகத்தான் இருந்தார். ஆனால் கடைசியில் கையில் ஒரு கிராண்ட் இருந்தது.

நிலம் கொடுத்தால் போதுமா?

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நிலத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, "இனி உன் பாடு" என்று விட்டிருந்தால் அந்த ஊர் பத்து வருஷம்கூடத் தாங்கியிருக்காது. கஷ்டம் வந்தவுடன் ஒருவர் பின் ஒருவராக விற்றுவிட்டுப் போயிருப்பார்கள். அதனால் 1960இல் குழுக் குடியேற்ற நிலச் சட்டம் என்று தனியாக ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அந்த நிலத்தைத் துண்டு போடக் கூடாது. இஷ்டத்துக்குக் கைமாற்றவும் கூடாது. அப்பன் நிலம் ஐந்து பிள்ளைகளுக்கும் பங்காகிக் கரைந்துபோன பழைய நோய்க்கு இது மருந்து.

அத்தோடு, ஊர் என்றால் என்னென்ன வேண்டுமோ அவை வந்தன. பாதை, பள்ளிக்கூடம், மருத்துவ வசதி, கடை, வழிபாட்டு இடம். குடியேறிகளுக்கு ஒரு குழு, பெண்களுக்கு ஒரு சங்கம். பாலைத் தரகரிடம் தனித்தனியாகக் கொண்டுபோய் ஏமாறாமல் மொத்தமாகச் சேர்த்து விற்கும் ஏற்பாடு. 1961இல் ஜொகூர், கூலாய் பக்கம் தாயிப் அண்டாக் குடியேற்றத்தில் செம்பனை நட்டார்கள். பிறகு அது மற்ற குடியேற்றங்களுக்கும் பரவியது. ரப்பர் விலை விழுந்தபோது செம்பனை பலரைக் காப்பாற்றியது.

ஆக, லூரா பீலுட்டைப் பார்த்து, "அவங்களுக்கு சும்மா நிலம் குடுத்தாங்க, நல்லா இருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போவது பாதி உண்மை. மண், அந்த மண்ணுக்குப் பத்திரம், பலன் வரும்வரை சோறு, விளைந்ததை விற்க வழி, விற்றுத் தொலைக்காமல் காக்கும் சட்டம், இவை ஐந்தும் சேர்ந்ததால்தான் அந்த ஊர் நின்றது. இதில் ஒன்று குறைந்தாலும் ஊர் ஆட்டங்கண்டிருக்கும்.

நம்மவர்கள் ஏன் அதிகம் இல்லை?

பெல்டா 1990 வரை புதிய குடியேறிகளைச் சேர்த்தது. நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் அதிகமான குடும்பங்கள் நிலம் பெற்றன. அவர்களில் நம்மவர்கள் மிகவும் சொற்பம். இந்தக் கணக்கை எடுத்து வைப்பது யார் மேலும் பொறாமைப்படுவதற்காக அல்ல. நிலமில்லாத மலாய்க்காரக் குடும்பம் நிலம் பெற்றது நல்ல காரியம், அதை வாழ்த்துவோம். ஆனால் நாம் ஏன் அந்த வரிசையில் நிற்கவில்லை என்று கேட்டுப் பார்க்க வேண்டாமா?

முதல் காரணம், தோட்டம் தனியார் சொத்து. நாட்டுப்புற முன்னேற்றம் என்று அரசாங்கம் திட்டம் போட்டபோது, கம்பத்துக்குப் பாதை போனது, தண்ணீர் போனது, மின்சாரம் போனது. தோட்டத்து வாசலில் வந்து அது நின்றுவிட்டது. உள்ளே இருப்பவர்கள் கம்பெனியின் பொறுப்பு என்று விட்டுவிட்டார்கள். நாமும் நாட்டுப்புறத்தில்தான் இருந்தோம். ஆனால் நாட்டுப்புற மக்கள் என்ற கணக்கில் வரவில்லை. நிலமில்லாதவர்கள் என்று பார்த்தாலும் நம்மைப் போல நிலமில்லாதவர்கள் யார்?

இரண்டாவது, குடியுரிமை. அரசாங்க நிலம் பெறக் குடியுரிமை வேண்டும். சுதந்திரம் வந்த சமயத்தில் எத்தனை பேர் பாரத்தை நிரப்பாமல் விட்டோம்! "ஊருக்குத்தானே போகப் போறோம், இது எதுக்கு?" என்றவர்கள் உண்டு. கிராணியார் வீட்டு வாசலில் நின்று பாரம் எழுதக் கூச்சப்பட்டவர்களும் உண்டு. 1969இல் வேலை அனுமதிச் சீட்டு வந்தபோது அதன் விலை தெரிந்தது. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்தவர்கள் வேலை இழந்தார்கள். சுமார் 60,000 பேர் கப்பலேறித் திரும்பினார்கள் என்று சொல்லப்படுகிறது. குடும்பம் இங்கே, தலைவன் அங்கே என்று பிரிந்த கதைகள் எத்தனை!

மூன்றாவது, நம் மனம். லயத்து வீடு இருக்கிறது, மாதம் பிறந்தால் சம்பளம் இருக்கிறது, கோயில் திருவிழா இருக்கிறது. இதையெல்லாம் விட்டுவிட்டு முன்பின் தெரியாத காட்டுக்குப் போவானேன் என்ற எண்ணம். இது தப்பு என்று சொல்ல மாட்டோம். கூட்டமாக வாழ்ந்தவர்கள் கூட்டத்தை விட்டுப் போகத் தயங்குவது இயல்பு. ஆனால் அந்தக் கூட்டம் நின்றுகொண்டிருந்த மண் நம்முடையது அல்ல என்பதை மறந்துவிட்டோம்.

அதே சமயத்தில் தோட்டத்தில்

லூரா பீலுட்டில் காடு வெட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் நம் தோட்டங்களில் என்ன நடந்தது? தோட்டத் துண்டாடல். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். ஒரே தோட்டம் பல கைக்குப் போனதும் வேலையும் போனது, வீடும் போனது. மூட்டை முடிச்சோடு வெளியேறிய குடும்பங்கள் எங்கே போவதென்று தெரியாமல் நின்றன.

அதைத் தடுக்கத்தான் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் 10 வெள்ளி கட்டி 100 வெள்ளிப் பங்கு. பால்வெட்டுத் தொழிலாளியின் பத்து வெள்ளிகள் சேர்ந்து கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கின. அதன் பிறகும் பல தோட்டங்கள் சங்கத்தின் கைக்கு வந்தன. நம் சமுதாயம் செய்த பெரிய காரியங்களில் அது ஒன்று. அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் லூரா பீலுட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தால் ஒரு வேறுபாடு தெரியும். கூட்டுறவில் தொழிலாளி பங்குக்காரர் ஆனார், தோட்டம் துண்டாகாமல் தப்பியது, வேலையும் தப்பியது. குடியேற்றத்தில் தொழிலாளி ஒரு குறிப்பிட்ட மண்ணுக்கு, ஒரு குறிப்பிட்ட வீட்டுக்குச் சொந்தக்காரர் ஆனார். பங்குப் பத்திரம் பெட்டியில் இருக்கும்; அது ஆண்டுக்கு ஒரு முறை லாப ஈவு தரும். வீட்டுக் கிராண்ட் தலைக்கு மேலே கூரையாக நிற்கும். இரண்டும் வேண்டியவைதான். முதலாவதை நாம் ஓரளவு பெற்றோம். இரண்டாவது இன்னும் வந்து சேரவில்லை.

அதனால் என்ன ஆனது என்பதற்குத் தூரத்தில் போய் உதாரணம் தேட வேண்டாம். இன்று நாட்டின் நிர்வாகத் தலைநகரமாக நிற்கும் புத்ராஜெயா, 1995க்கு முன்னால் பெராங் பெசார் தோட்டம். முதலாம் உலகப் போரில் பணியாற்றிய ஆங்கிலேயர்கள் 1921இல் திறந்த தோட்டம் அது. அங்கேயும் அக்கம்பக்கத்து கேலவே, மேடிங்லி, செட்ஜ்லி தோட்டங்களிலும் தலைமுறை தலைமுறையாக உழைத்த சுமார் 400 குடும்பங்களை டிங்கிலில் அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றினார்கள். கொஞ்ச காலத்திலேயே சுவரில் விரிசல் விழுந்தது. தரை வீடு கேட்டு அந்த மக்கள் ஆண்டுக்கணக்கில் நடையாய் நடந்தார்கள். தலைநகருக்கு இடம்விட்டவர்கள் ஒரு தரை வீட்டுக்குப் போராட வேண்டியிருந்தது என்றால், அதற்குக் காரணம் ஒன்றே ஒன்று: அவர்கள் பெயரில் ஒரு அடி மண் இல்லை. உழைத்த வருஷங்களுக்குப் பத்திரம் கிடையாது.

லூரா பீலுட்டும் சொர்க்கம் அல்ல

இவ்வளவு சொன்ன பிறகு, குடியேற்றத்தில் எல்லாம் இன்பமயம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அங்கேயும் வயதாகிறது. மூத்த குடியேறிகள் பலர் மறைந்துவிட்டார்கள். பிள்ளைகள் படித்தார்கள்; கோலாலம்பூருக்கு வேலைக்குப் போனார்கள்; உளியைத் தொட ஆளில்லை. செம்பனைக் குலை வெட்ட இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் ஆள் வர வேண்டியிருக்கிறது.

மறு நடவு என்று வந்தால் மீண்டும் கடன். செம்பனை 25 ஆண்டுக்கு மேல் தாங்காது. வெட்டி நட்டால் மூன்று வருஷம் வருமானம் இல்லை. அந்த மூன்று வருஷச் செலவும் நடவுச் செலவும் சேர்ந்து குடியேறி குடும்பங்கள் மேல் மலைபோல் ஏறின. 2021இல் அரசாங்கம் 830 கோடி ரிங்கிட் குடியேறிகள் கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது என்றால், சுமை எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

2012இல் பெல்டாவின் கம்பெனி ஒன்றைப் பங்குச் சந்தையில் ஏற்றினார்கள். அப்போது பங்கு ஒன்று சுமார் நாலரை ரிங்கிட். குடியேறிகளும் ஆசைப்பட்டு வாங்கினார்கள். 2025இல் அந்தப் பங்குகளைப் பெல்டா திரும்ப வாங்கிக்கொள்ள முன்வந்தபோது கொடுத்த விலை 1 ரிங்கிட் 30 சென். காகிதத்தில் ஏறியது காகிதத்தில் இறங்கியது. ஆனால் அப்போதும் குடியேறியின் காலடி மண் இறங்கவில்லை. அது இருந்த இடத்தில் இருந்தது.

இன்னொரு குறையும் உண்டு. நம் பெண்கள் இதைக் கவனிக்க வேண்டும். நிலம் புருஷன் பெயரில் எழுதப்பட்டது. கூடவே காடு திருத்தி, கூடவே பால் எடுத்து, பிள்ளையும் வளர்த்த மனைவியின் பெயர் பத்திரத்தில் இல்லை. மனைவியையும் கூட்டு உரிமையாளராகச் சேர்க்கச் சட்டம் திருத்தப்பட்டது 2002இல்தான். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆனது! அதற்குள் விதவையாகித் தவித்தவர்கள், ஒதுக்கிவிடப்பட்டவர்கள் எத்தனை பேரோ.

ஆனாலும் ஒன்று. இத்தனை சங்கடத்துக்கும் நடுவில், லூரா பீலுட்டில் இருக்கும் எழுபது வயதுக் கிழவரை, "வேலை முடிந்தது, வீட்டைக் காலி பண்ணு" என்று யாரும் சொல்ல முடியாது. மகன் கோலாலம்பூரில் வேலை இழந்தால் திரும்பி வர ஒரு வாசல் இருக்கிறது. பெருநாளுக்குப் பேரப்பிள்ளைகள் வந்து கூட ஒரு முற்றம் இருக்கிறது. ஊர் என்றால் அதுதான்.

நாம் செய்யக்கூடியது

இனிமேல் அரசாங்கம் நமக்குப் பத்துப் பத்து ஏக்கராகக் கொடுக்கும் என்று சொல்லி ஆசை காட்ட நாம் தயாராக இல்லை. புதிய குடியேறிகளைச் சேர்ப்பது 1990இல் நின்றுவிட்டது. ஆனால் அந்த ஊர் சொல்லிக்கொடுக்கும் வழி இன்றும் நமக்குப் பொருந்தும். அதை நாலு வார்த்தையில் சொல்கிறோம்.

முதலாவது, வேலையில் இருக்கும்போதே வீடு. குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் 1,700 ரிங்கிட். இதில் வீடு வாங்குவது சுலபம் என்று சொல்லவில்லை. ஆனால் 60 வயதில், சம்பளச் சீட்டு இல்லாத காலத்தில், எந்த வங்கியும் கடன் தராது. சேமநிதியில் செஜாத்ரா கணக்கு என்று இருக்கிறதே, அதிலிருந்து வீடு வாங்கப் பணம் எடுக்க வழி உண்டு. புருஷன் கணக்கிலும் மனைவி கணக்கிலும் எவ்வளவு இருக்கிறது என்று இந்த வாரமே கேட்டுப் பாருங்கள். கல்யாணச் செலவுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் முன்னால் வீட்டைப் பற்றி யோசியுங்கள்.

இரண்டாவது, தோட்டம் கைமாறும் முன்னே கேட்பது. தோட்டம் விற்றுப்போய், மண்வாரி இயந்திரம் வந்து நின்ற பிறகு கூட்டம் போட்டு என்ன பயன்? நிலம் யார் பெயரில் இருக்கிறது, அடமானத்தில் இருக்கிறதா, விவசாய நிலமா வீடமைப்பு நிலமா என்பதை நில அலுவலகத்தில் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். அதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். தோட்டத்தில் படித்த பிள்ளை ஒன்று போதும். விற்கும் பேச்சு காதில் விழுந்தவுடன், இங்கேயே ஒரு பகுதியில் வீட்டு மனை ஒதுக்குங்கள் என்று சங்கம் மூலமாக எழுத்தில் கேட்க வேண்டும். வாய்ப் பேச்சு காற்றோடு போகும். டிங்கில் மக்கள் பட்ட பாடு நமக்குப் பாடமாக இருக்கட்டும்.

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். தொழிலாளர் வீடமைப்புக்கு 1990ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. வீடு, தண்ணீர், சுகாதாரம் ஆகியவை எப்படி இருக்க வேண்டும் என்று அது முதலாளிக்கு விதிக்கிறது. நல்ல சட்டம். ஆனால் அது வேலை செய்யும் காலத்து வீட்டைப் பற்றியது. அந்த வீட்டை அது நமக்குச் சொந்தமாக்காது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, "சட்டம் இருக்கு, நம்மள யாரும் கிளப்ப முடியாது" என்று இருந்துவிட வேண்டாம்.

மூன்றாவது, காகிதம். அடையாளக் கார்டு, பிறப்புப் பத்திரம், கல்யாணப் பதிவு, சம்பளச் சீட்டு, வேலைக்குச் சேர்ந்த கடிதம், இவற்றை ஒரு பெட்டியில் பத்திரமாக வையுங்கள். அன்று ஒரு பாரம் நிரப்பாமல் விட்டதால் நம் பெற்றோர் தலைமுறை என்ன இழந்தது என்று மேலே பார்த்தோம். இன்றும் பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகள் நம் நடுவில் இருக்கிறார்கள். உங்கள் லயத்தில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், அது அந்த வீட்டுப் பிரச்சினை என்று ஒதுங்காதீர்கள். பதிவு இலாகாவுக்குக் கூட்டிப் போங்கள்.

நான்காவது, பத்திரத்தில் இரண்டு பெயர். வீடு வாங்கும்போது மனைவியின் பெயரும் சேரட்டும். குடியேற்றத்துப் பெண்கள் நாற்பது வருஷம் காத்திருந்து பெற்றதை நாம் முதல் நாளே செய்துவிடலாம். குடித்து அழிக்கும் கை ஒன்று இருந்தாலும், கையெழுத்துப் போட மறுக்கும் கை ஒன்று இருந்தால் வீடு நிற்கும்.

லூரா பீலுட்டில் முதல் மரம் நட்டவர்கள், பால் பார்க்க ஆறேழு வருஷம் காத்திருந்தார்கள். கடன் தீர்ந்து கிராண்டைக் கையில் வாங்க அதற்கு மேலும் காத்திருந்தார்கள். அந்தப் பொறுமை நமக்குப் புதிது அல்ல. நூறு வருஷத்துக்கு மேலாகக் கம்பெனியின் மரத்துக்காக அந்தப் பொறுமையை நாம் செலவழித்திருக்கிறோம். இனி அதில் ஒரு பங்கை நம் சொந்த வாசற்படிக்காகச் செலவழிப்போம். இந்த மாதச் சங்கக் கூட்டத்தில் மற்ற விஷயங்களைப் பேசி முடித்த பிறகு, "நம்ம தோட்டத்துல சொந்த வீடு இல்லாதவங்க எத்தனை குடும்பம்?" என்ற ஒரு கேள்வியை மட்டும் எழுப்பி, பெயர்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அந்தப் பட்டியலிலிருந்து வேலையைத் தொடங்கலாம்.